மக்காவ் முதல் பெய்ஜிங் வரை: ரிச்சி சென்ற வழியில் ஏழு நாட்கள்

முதல் நாள்: மக்காவ்

நான் பிறந்தது தூத்துக்குடி, பிழைக்க வந்தது புதுச்சேரி. இந்த இரண்டு ஊர்களுக்கும் சீனாவுக்கும் இடையே ஒரு பழைய கணக்கு உண்டு. பள்ளியில் வரலாறு நடத்தி ஓய்வு பெற்ற கையோடு அதைப் பார்த்துவிட்டு வரலாம் என்று, பதினாறாம் நூற்றாண்டில் மறைபரப்பச் சீனா போன இயேசு சபைத் துறவி மத்தேயோ ரிச்சி சென்ற வழியில் கிளம்பியிருக்கிறேன். குவாங்ஜோவில் துணி வணிக நிறுவனம் ஒன்றில் வேலை பார்க்கும் என் தம்பி மகன் துணைக்கு வருகிறான். சீனம் அவன் பேசுவான், வரலாறு நான் பேசுவேன் என்பது எங்களுக்குள் ஒப்பந்தம்.

சீனாவின் தென்கரையில் போர்த்துக்கீசியர் குடியேறிய துறைமுகமான மக்காவுக்கு வருகிறவர்கள் எல்லாரும் போய் நிற்கும் இடம் புனித பவுல் ஆலயத்தின் முகப்பு. 1835-ல் பிடித்த தீயில் ஆலயம் முழுவதும் எரிந்துபோக, முன்சுவர் மட்டும் படிக்கட்டுகளின் உச்சியில் தனியாக நிற்கிறது. கூட்டம் கீழே நின்று படம் எடுத்துக்கொண்டிருக்க, நாங்கள் மேலே ஏறி, கழுத்து வலிக்கும் வரை அண்ணாந்து பார்த்தோம். ஜப்பானில் துன்புறுத்தலுக்குத் தப்பி வந்த கிறிஸ்தவக் கைவினைஞர்களும் சேர்ந்து செதுக்கிய சுவர் இது. மாதாவைச் சுற்றி வானதூதர்கள் இருக்கிறார்கள்; சுவரின் ஓரங்களிலிருந்து சீனச் சிங்கங்கள் தலை நீட்டுகின்றன. வலப்புறத்தில் ஏழு தலை நாகத்தின் மேல் ஒரு பெண் நிற்க, அருகில் சீன எழுத்துகள் செங்குத்தாக வெட்டப்பட்டிருக்கின்றன. தம்பி மகன் ஒவ்வொன்றாகக் கூட்டிப் படித்தான்: "திருத்தாய் டிராகனின் தலையை மிதிக்கிறாள்."

திருவெளிப்பாட்டு நூலின் அந்த விலங்கைத் தமிழ் விவிலியம் அரக்கப் பாம்பு என்கிறது. பழைய மொழிபெயர்ப்பில் அது வலுசர்ப்பம். நமக்குச் சிக்கல் இல்லை. சீனத்தில் அதை எழுத டிராகனைத் தவிர வேறு சொல் அகப்படவில்லை போலும். ஆனால் அது மழை தரும் டிராகன், பேரரசரின் அங்கியில் பொன்னிழையில் தைக்கப்படும் டிராகன். அதன் தலையை மிதிக்கும் பெண்ணைப் பார்த்த சீனர் என்ன நினைத்திருப்பார்? இந்தப் பயணம் முழுவதும் டிராகனைக் கவனித்துக்கொண்டே போவது என்று அங்கேயே முடிவு செய்தேன்.

கீழைநாட்டு மறைப்பணிகளை மேற்பார்வையிட்ட அலெசாந்த்ரோ வலிஞானோ என்ற இத்தாலிய இயேசு சபைத் துறவி 1578-ல் இங்கே வந்தபோது, துறைமுகத்தில் இருந்த குருக்கள் சீனர்களைப் போர்த்துக்கீசியராக மாற்ற முயன்றார்களே தவிர, சீனம் கற்க முயலவில்லை என்பதைக் கண்டார். சீனம் படிக்க ஒருவரை அனுப்பும்படி கோவாவுக்கு எழுதினார். அனுப்பப்பட்டவர் மிக்கேலே ருஜ்ஜேரி. கடிதம் வந்தபோது அவர் முத்துக்குளித்துறையில், அதாவது எங்கள் கடற்கரையில், பரதவர்களிடையே தமிழ் கற்றுக்கொண்டிருந்தார். அண்டிரிக் அடிகளாரின் தமிழ் மறைநூலான "தம்பிரான் வணக்கம்" கொல்லத்தில் அச்சேறிய 1578-ஆம் ஆண்டில்தான் அவர் இந்தியாவுக்கு வந்திருந்தார். மறையை மக்களின் மொழியில் எழுதி அச்சிட முடியும் என்பதைச் சீனாவுக்குப் போகும் முன்பே அவர் கண்ணால் பார்த்துவிட்டார் என்பதை நம்மவர்கள் அதிகம் சொல்வதில்லை.

இதே மக்காவில் 1710-ல் ஒரு கர்தினால் காவலில் இருந்தபடியே இறந்தார். அவரை இந்த ஊருக்கு அனுப்பிவைத்ததில் எங்கள் புதுச்சேரிக்கும் பங்கு உண்டு. அதை நான்காம் நாளில் எழுதுகிறேன்.

இரண்டாம் நாள்: ஜாவ்சிங்

இன்று சிங்மிங், சீனர்கள் முன்னோர் கல்லறைகளைக் கூட்டிப் பெருக்கிப் படையல் வைக்கும் நாள். எல்லை கடந்து ஜாவ்சிங் வரும் வழியெல்லாம் குன்றுச் சரிவுகளில் குடும்பம் குடும்பமாக ஆட்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் கையில் துடைப்பம், ஒருவர் கையில் கரும்பு, இருவர் சேர்ந்து தூக்கிய தட்டில் தோல் மொறுமொறுவென்று சிவந்த முழுப் பன்றி. ஊரில் கல்லறைத் திருநாளன்று என் பாட்டி மெழுகுவர்த்தியும் சாமந்தி மாலையும் வைத்துவிட்டு, பங்குச் சாமியார் அந்தப் பக்கம் திரும்பியதும் முந்தானையில் முடிந்து வந்த சுருட்டையும் வெற்றிலையையும் தாத்தாவின் சிலுவையடியில் வைப்பார். சாமியார் பார்த்துவிட்டால் திட்டு விழும். சீனக் கிறிஸ்தவர்கள் முன்னோருக்குப் படைக்கலாமா என்று ரோமாபுரியில் நூறாண்டுகள் நடந்த வழக்கும் இந்தத் திட்டும் ஒரே விவகாரம்தான்.

ருஜ்ஜேரியும் அவரைவிட ஒன்பது வயது இளையவரான மத்தேயோ ரிச்சியும் 1583 செப்டம்பரில் இங்கே குடியேறினார்கள். ரிச்சியும் இந்தியா வழியாக வந்தவர்தான். கோவாவில் படித்து, 1580-ல் கொச்சியில் குருப்பட்டம் பெற்றவர். சீன அதிகாரிகள் சொன்னபடி இருவரும் தலையையும் தாடியையும் மழித்து, பௌத்தத் துறவிகளின் அங்கியை அணிந்துகொண்டார்கள். ஆற்றங்கரையில் அப்போது கட்டப்பட்டுக்கொண்டிருந்த சோங்ஷி கோபுரத்தின் அருகில் அவர்களுக்கு இடம் கிடைத்தது. வாங் பான் என்ற ஆட்சியர் வாசலில் மாட்ட இரண்டு பலகைகளை அன்பளித்தார். ஒன்றில் தேவமலர்க் கோயில் என்றும், மற்றொன்றில் மேற்கிலிருந்து வந்த தூய நிலம் என்றும் எழுதியிருந்தது. இரண்டுமே பௌத்தர்களின் காதுக்குப் பழகிய சொற்கள். எழுதியவர் எந்த மதத்தை நினைத்து எழுதினார் என்பதில் ஐயம் இல்லை.

அந்தக் கோயில் இன்று இல்லை. இடத்தைக் காட்டும் ஒரு கல் மட்டும் இருக்கிறது. ஒன்பது நிலைக் கோபுரம் நிற்கிறது. அதன் நிழல் கல்லை எட்டுமா என்று மாலை வரை காத்திருந்து பார்க்கலாம் என்றால், வானம் மூடிக்கொண்டது. கோபுரத்தடியில் வாழையிலை போன்ற அகன்ற இலையில் கட்டிய சோற்றுப் பொதியை வாங்கிப் பிரித்தோம். ஒட்டும் அரிசியும் பாசிப்பருப்பும் சேர்ந்து வெந்த வாசனை எழுந்தபோது, பொங்கல்தான் என்று நம்பிக் கடித்தேன். உள்ளே பன்றிக் கொழுப்பு இருந்தது.

ருஜ்ஜேரி 1584-ல் இங்கே ஒரு மறைநூலை அச்சிட்டார். ஐரோப்பியர் ஒருவர் சீனத்தில் எழுதி அச்சான முதல் நூல் அது. அதில் அவர் தம்மைத் தியான்ஜூ நாட்டுத் துறவி என்று குறிப்பிட்டார். தியான்ஜூ என்பது இந்தியாவுக்குச் சீனர் வைத்த பழைய பெயர். கடவுளுக்கு அவர் கையாண்ட சொல்லும் தியான்ஜூ, விண்ணகத்தின் தலைவர் என்று பொருள். இரண்டுக்கும் என்ன வேறுபாடு என்று தம்பி மகனைக் கேட்டேன். "முதல் தியான்ஜூவில் குரல் கடைசியில் ஏறணும் பெரியப்பா, இரண்டாவதில் இறங்கி ஏறணும்" என்று சொல்லி, நான்கு முறை சொல்லிக்காட்டினான். நான்கும் எனக்கு ஒன்றாகவே கேட்டன. ஜாவ்சிங் மக்களுக்கு அந்தக் குழப்பம் இராது. ஆனால் மழித்த தலை, துறவி அங்கி, இந்தியாவின் பெயர், மேற்கிலிருந்து வந்த போதனை என்று எல்லாம் சேர்ந்தபோது, இவர்கள் புதுவகைப் பௌத்தர்கள் என்று அவர்கள் எடுத்துக்கொண்டதில் வியப்பில்லை. பீடத்தில் மாதா படத்தை வைத்தால், கடவுள் பெண்ணா என்று கேள்வி வந்தது. படத்தை மாற்றி இயேசுவின் படத்தை வைத்தார்கள்.

மறையை அந்தந்த நாட்டுப் பண்பாட்டுக்கு இசைவாக்கும் தகவமைப்பு என்று பெருமையாகச் சொல்லப்படும் வரலாற்றின் முதல் பக்கத்தில் இருப்பது ஒரு தவறான உடை என்பதே இந்த ஊரில் எனக்குத் தோன்றியது.

மூன்றாம் நாள்: ரயிலில், நான்சாங் நோக்கி

இன்று முழுவதும் பயணம். 1589-ல் புதிய ஆளுநர் ரிச்சியை ஜாவ்சிங்கிலிருந்து வெளியேற்ற, அவர் வடக்கே ஷாவ்ஜோவுக்குப் போனார். இன்று ஷாவ்குவான் எனப்படும் அந்த ஊரைச் சன்னல் வழியாகப் பார்க்கலாம் என்று காத்திருந்தேன். மூன்று நிமிடத்தில் கடந்துவிட்டது. பாதி நேரம் சுரங்கப்பாதை.

அங்கேதான் அவருக்கு உண்மை உறைத்தது. சீனாவில் பௌத்தத் துறவிக்கு அதிகாரி வட்டத்தில் மதிப்புக் குறைவு. மண்டியிட்டுப் பேசவேண்டியவர் அவர். தேர்வெழுதிப் பதவி பெற்ற கன்பூசியப் புலவரே நாட்டை ஆள்பவர். இரசவாதம் கற்கலாம் என்று வந்து கணிதம் கற்றுப்போன சூ தாய்சூ என்ற நண்பர், உடையை மாற்றிக்கொள்ளும்படி எடுத்துச் சொன்னார். வலிஞானோவும் ஒப்புதல் தந்தார். 1595-ல் ரிச்சி தலைமுடியும் தாடியும் வளர்த்தவராக, ஊதாப் பட்டில் நீல விளிம்பு வைத்துத் தைத்த நீள அங்கியும் உயர்ந்த தொப்பியும் அணிந்து பல்லக்கில் வந்து இறங்கினார். அதே ஆண்டு நான்சாங்கில், நட்பைப் பற்றி மேலைநாட்டு அறிஞர்கள் கூறியவற்றைத் தொகுத்து ஒரு சிறு சீன நூல் எழுதினார். கடவுளைப் பற்றிய நூலுக்கு முன்பே நட்பைப் பற்றிய நூல் அவருக்குப் பெயர் வாங்கித் தந்தது.

மதுரையில் இன்னொரு இயேசு சபைத் துறவியான ராபர்ட் டி நொபிலி காவியுடுத்தித் தத்துவ போதகர் ஆனது இதற்குப் பன்னிரண்டு ஆண்டுகள் பிந்தி. ஒருவர் துறவியின் உடையைக் களைந்து புலவரானார். மற்றவர் பரங்கி என்ற பெயரைக் களையத் துறவியானார். திசைகள் எதிரெதிர் என்றாலும் இருவரும் போய்ச் சேர்ந்த இடம் ஒன்று: ஊரில் யார் சொன்னால் எடுபடுமோ அவருடைய திண்ணை. ரிச்சிக்குச் சீனப் பண்பாடு என்றால் கற்றோரின் பண்பாடு. பௌத்தத்தையும் தாவோ நெறியையும் மக்கள் கும்பிட்ட சிறு தெய்வங்களையும் அவர் கடுமையாகவே எழுதினார். அவரிடம் பழகிய சீனப் புலவர் ஷூ குவாங்சி, இந்தப் போதனை கன்பூசியத்தை நிறைவாக்கிப் பௌத்தத்தின் இடத்தைப் பிடிக்கும் என்று சூத்திரம்போலச் சொன்னார். எல்லாச் சீனரையும் ரிச்சி தழுவிக்கொண்டார் என்று எழுதுகிறவர்கள் இந்த வரியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

நான்காம் நாள்: நான்ஜிங்

நகரச் சுவரின் ஓரமாக நடந்தோம். மிங் காலத்துச் செங்கற்களில் அவற்றைச் செய்த ஊரின் பெயரும் பொறுப்பாளியின் பெயரும் பொறிக்கப்பட்டிருக்கின்றன. செங்கல் உடைந்தால் யாரைப் பிடிப்பது என்பதற்காக. இப்படிப் பொறுப்பு எழுதி வைக்கும் நாட்டில்தான் ரோமாபுரி ஒரு தீர்ப்பை, யார் பொறுப்பு என்று தெளிவில்லாமல், தூக்கிக்கொண்டு வந்தது.

வழக்கு இதுதான். கன்பூசியஸுக்குத் தேர்வு பெற்றவர்கள் செய்யும் வணக்கம், முன்னோரின் பெயர்ப்பலகை முன் ஊதுவத்தி ஏற்றி உணவு வைத்துத் தலைவணங்குதல், இவை வழிபாடா மரியாதையா? ரிச்சி மரியாதை என்றார்: இறந்தவர் வந்து உண்பார் என்று கற்றவர்கள் நம்பவில்லை, உயிரோடிருந்தபோது செய்ததை இறந்தபின்னும் செய்வதே மகனின் கடமை என்று எண்ணுகிறார்கள் என்பது அவர் வாதம். பின்னால் வந்த தொமினிக்கன், பிரான்சிஸ்கன் சபையினர் பூஜியன் மாநிலத்து ஊர்களில் வேறொன்றைக் கண்டார்கள். அங்கே படைப்பவர்கள், முன்னோரிடம் நலம் கேட்டுப் படைத்தார்கள். இருவரும் பொய் சொல்லவில்லை. ஒருவர் புலவரின் கூடத்தைப் பார்த்தார், மற்றவர் உழவரின் அடுப்படியைப் பார்த்தார். 1645-ல் ரோமாபுரி தடுத்தது. 1656-ல் வேறு விவரணையைக் கேட்டு அனுமதித்தது. முந்தைய தடையை நீக்கவும் இல்லை.

இந்த இடத்தில்தான் புதுச்சேரி வருகிறது. திருத்தந்தையின் தூதராகக் கிளம்பிய ஷார்ல் தோமா மையார் தெ தூர்னோன் 1703 நவம்பரில் எங்கள் ஊரில் இறங்கினார். எட்டு மாதம் தங்கினார்; பெரும்பகுதி நோய்ப்படுக்கை. உள்நாட்டு மறைத்தளங்களுக்குப் போகாமலே 1704-ல் ஓர் ஆணை பிறப்பித்துவிட்டுக் கப்பலேறினார். பிள்ளையார் உருவம் பதித்த தாலி கூடாது, திருமணத்தில் தேங்காய் உடைக்கக் கூடாது, பெண் பூப்படைந்ததைக் கொண்டாடக் கூடாது, நீறு பூசக் கூடாது என்று பட்டியல் நீண்டது. வகுப்பில் இதைச் சொல்லும்போதெல்லாம் பிள்ளைகள் சிரிப்பார்கள், நானும் சிரித்திருக்கிறேன். ஆனால் அதே ஆணையில், நோயுற்ற பறையர் கிறிஸ்தவரின் வீட்டுக்குள் குருக்கள் சென்று திருவருட்சாதனம் வழங்கவேண்டும் என்ற விதியும் இருந்தது. பண்பாட்டுக்கு இசைவது என்ற பெயரில், பறையர் வாசலில் குரு நுழையாமலிருக்கும் வழக்கமும் சேர்த்து அனுமதிக்கப்பட்டிருந்தது என்பதல்லவா அதன் பொருள்? நொபிலியைக் கொண்டாடும் நாம் இந்த ஒரு விதியின் முன் கொஞ்சம் தயங்கி நிற்கவேண்டும். தூர்னோனை முழு வில்லனாக்க என் மனம் இடம் தராததற்குக் காரணம் அது.

அவர் பெய்ஜிங் போய்ப் பேரரசர் காங்ஷியைச் சந்தித்தார். காங்ஷி 1692-ல் கிறிஸ்தவ வழிபாட்டுக்கு அனுமதி ஆணை தந்தவர். முன்னோர் வணக்கம் வழிபாடு அன்று என்று 1700-ல் தாமே எழுதித் தந்தவர். தன் நாட்டு வழக்கத்தின் பொருளைத் தான் சொன்ன பிறகும், மொழி தெரியாத ஒருவர் வந்து வேறு பொருள் சொல்வதை அவர் எப்படிப் பொறுப்பார்? 1706-ல், ரிச்சியின் நெறிமுறையைப் பின்பற்றுவதாக வாக்களித்துச் சான்றிதழ் பெறும் குருக்கள் மட்டுமே நாட்டில் தங்கலாம் என்றார். தூர்னோன் 1707-இன் தொடக்கத்தில் இந்த நான்ஜிங்கிலிருந்து, அந்தச் சடங்குகளை ஏற்கும் குருக்களைத் திருச்சபையிலிருந்து விலக்குவேன் என்று எதிராணை விட்டார். பேரரசர் அவரை மக்காவுக்கு அனுப்ப, தங்கள் அரசரின் உரிமையை மதிக்காமல் வந்தவர் என்று ஏற்கெனவே கோபத்திலிருந்த போர்த்துக்கீசியர் காவலில் வைத்தார்கள். கர்தினால் பட்டம் அங்கேதான் அவருக்கு வந்து சேர்ந்தது.

ஷிகூலு தெருவில் 1870-ல் கட்டிய ஆலயத்தைப் பார்த்தோம். நல்ல கட்டடம், எங்கள் கதைக்கு அதில் எதுவும் இல்லை.

ஐந்தாம் நாள்: ஷாங்காய்

ஷூஜியாஹுய் என்றால் ஷூ குடும்பத்து ஆற்றுக்கூடல். இன்று அங்கே கூடுபவை மெட்ரோ பாதைகளும் கணினிக் கடைகளும். 1910-ல் கட்டி முடித்த புனித இஞ்ஞாசியார் பேராலயத்தின் இரட்டைக் கூம்புகளைக் கண்ணாடிக் கட்டடங்கள் சூழ்ந்துகொண்டன. அங்கிருந்து சிறிது தூரம் நடந்தால் குவாங்சி பூங்கா. ஷூ குவாங்சி புதைக்கப்பட்ட இடம்.

1603-ல் நான்ஜிங்கில் பவுல் என்ற பெயருடன் திருமுழுக்குப் பெற்ற அவர், அடுத்த ஆண்டே பேரரசின் உயர் தேர்வில் வென்று, பின்னாளில் அமைச்சரவை வரை உயர்ந்தார். ரிச்சியுடன் உட்கார்ந்து யூக்ளிடின் வடிவியலின் முதல் ஆறு நூல்களைச் சீனமாக்கி 1607-ல் வெளியிட்டார். ரிச்சி வாய்மொழியாகச் சொல்ல, ஷூ எழுதினார். புள்ளிக்கும் கோட்டுக்கும் அவர் அன்று தேர்ந்த சொற்களைத்தான் இன்றும் சீனப் பள்ளிக்கூடங்களில் சொல்கிறார்கள். தம்பி மகன் தன்னுடன் வேலை பார்க்கும் பெண்ணிடம் தொலைபேசியில் கேட்டு, வடிவியலுக்குச் சீனத்தில் ஜிஹே என்பதுதான் பெயர் என்று உறுதிப்படுத்திக்கொண்டான். நூலின் தலைப்பிலேயே உள்ள சொல் அது. கலைச்சொல்லாக்கத்தில் நமக்குள்ள சண்டைகளை நினைத்துப் பொறாமைப்பட்டேன்.

கல்லறையின் அமைப்பை மெதுவாகப் பார்க்கவேண்டும். முதலில் கல் தோரணவாயில், பிறகு இருபுறமும் கல் விலங்குகள் காவல் நிற்கும் பாதை. மிங் அரசின் உயர் அதிகாரிக்கு உரிய முறை அது. பாதையின் நடுவே ஒரு கல் சிலுவை. அதற்கப்பால் புல் மூடிய வட்ட மண்மேடுகள். எந்தச் சீனக் குடும்பத்தின் இடுகாடும் அப்படித்தான் இருக்கும். காலையில் சிலுவைக்கு இந்தப் பக்கம் முதியவர்கள் சிலர் தாய்ச்சி ஆடிக்கொண்டிருந்தார்கள். மேட்டின் முன் வெள்ளைச் சாமந்திக் கொத்துகள், சிங்மிங்குக்கு வைத்தவை, இன்னும் வாடவில்லை.

எல்லாம் இப்படி இசைந்து போனதா என்றால் இல்லை. லீ ஜிசாவ் என்ற மற்றொரு பேரறிஞர், ரிச்சியின் 1602-ஆம் ஆண்டு உலகப்படத்தை அச்சிட உதவியவர், திருமுழுக்குக்குப் பல்லாண்டுகள் காத்திருக்க நேர்ந்தது. காரணம், அவருக்கு இரண்டாம் மனைவி இருந்தார். 1610-ல்தான் பெற்றார். உடை, உணவு, வணக்கம், கடவுளின் பெயர் வரை வளைந்து கொடுத்த ரிச்சி திருமணத்தில் வளையவில்லை. அந்த இரண்டாம் மனைவிகள் வீட்டைவிட்டு எங்கே போனார்கள் என்பதை அறிய எனக்கு ஆவல். மறைப்பணியாளரின் கடிதங்கள் அவர்களைப் பின்தொடர்ந்து போவதில்லை.

இன்னொரு செய்தி. பேரரசருக்கு ரிச்சி தானாக மணியடிக்கும் கடிகாரங்களைக் காணிக்கை கொண்டுபோனவர் அல்லவா? அதனால் ஷாங்காயின் கடிகாரக் கைவினைஞர்கள் நெடுங்காலம் அவரையே தங்கள் தொழிலின் காவல் தெய்வமாக, லீ மாதோ போதிசத்துவர் என்று கும்பிட்டார்கள். லீ மாதோ என்பது அவருடைய சீனப் பெயர். பௌத்த உடையைக் கழற்ற அவர் பட்ட பாடு இப்படி முடிந்தது.

ஆறாம் நாள்: பெய்ஜிங், பழைய வான்காணகம்

அதிவேக ரயிலில் நான்கரை மணி நேரம். ரிச்சி கால்வாய் வழியே வந்தார். வழியில் மா தாங் என்ற அண்ணகர், அதாவது ஆண்மை நீக்கப்பட்ட அரண்மனை அதிகாரி, பெட்டிகளைச் சோதித்தபோது, இரத்தம் வழியும்படி வண்ணம் தீட்டிய மரச் சிலுவை ஒன்று அகப்பட்டது. பேரரசரைக் கொல்லச் செய்த சூனியம் என்று அவர் கூச்சலிட்டார். எங்கள் நாட்டுப் பெரிய மகான் ஒருவர் இவ்வாறு துன்புற்றார் என்ற அளவில் ரிச்சி விளக்கிவைத்தார். கடவுள் என்று சொல்லவில்லை. கிறிஸ்தவத்தின் நடுப்பொருளையே சொல்லத் தயங்கினார் என்று அவரை எதிர்த்தவர்கள் பிற்பாடு இடித்துரைத்தார்கள். ஆணி அறைந்த உடலை ஒரு பெட்டியிலிருந்து எடுத்தவனிடம் முழு இறையியலையும் அந்த நிமிடத்தில் விளக்கியிருக்க முடியுமா என்றும் கேட்கலாம். நான் இரண்டாம் கட்சி, ஆனால் முழு மனதாக அல்ல. 1601 ஜனவரியில் அவர் தலைநகரில் நுழைந்தார். வான்லி பேரரசர் கடிகாரங்களை விரும்பினார், ரிச்சியை நேரில் பார்க்கவே இல்லை.

ஜியான்குவோமென் நிலையத்தை ஒட்டிய வான்காணகத்தின் மேடையில் எட்டு வெண்கலக் கருவிகள் நிற்கின்றன. ஆறு, பெல்ஜியத்திலிருந்து வந்த இயேசு சபைத் துறவி பெர்டினாண்ட் வெர்பீஸ்ட் 1673-ல் வார்த்தவை. அளவுக் குறிகள் ஐரோப்பிய முறை. வளையங்களைத் தாங்குபவை டிராகன்கள். ஒன்றின் அருகே குனிந்து பார்த்தேன்: செதில் ஒவ்வொன்றும் விரல்நக அளவில் தனித்தனியாக வார்க்கப்பட்டிருக்கிறது, முதுகை வளைத்து வான்வட்டத்தைச் சுமக்கும் அதன் வாய் திறந்திருக்க, நகங்கள் பீடத்தை இறுகப் பற்றியிருக்கின்றன. மக்காவில் மிதிபட்ட விலங்கு இங்கே விண்ணைத் தாங்குகிறது. இரண்டையும் செய்வித்தவர்கள் ஒரே சபையினர்.

வெர்பீஸ்டுக்கு முன் இருந்த ஆடம் ஷால் 1664-ல் நாட்காட்டி வழக்கில் சிக்கி மரண தண்டனை வரை போய், 1665-ல் பெய்ஜிங்கை உலுக்கிய நிலநடுக்கத்தால் பிழைத்தார். அதை விண்ணகத்தின் எச்சரிக்கை என்று அரசவை எடுத்துக்கொண்டது. சில ஆண்டுகள் கழித்து, நண்பகல் நிழலின் நீளத்தை யார் சரியாக முன்கூட்டிச் சொல்வது என்று இளம் காங்ஷி வைத்த போட்டியில் வெர்பீஸ்ட் வென்றார். நிழலை அளந்து வாங்கிய செல்வாக்கில் மறை நின்றது.

மாலையில் ஷுவான்வூமென் தென் ஆலயத்தை வெளியிலிருந்து மட்டும் பார்த்தோம். ரிச்சி 1605-ல் வீடு வாங்கிய இடம். சாம்பல் நிறக் கட்டடம் 1904-ஆம் ஆண்டினது. இந்த இடத்தில் பழைய குருக்கள் திருப்பலியின்போது தொப்பி அணிந்திருப்பார்கள். ஐரோப்பாவில் தொப்பியைக் கழற்றுவது மரியாதை, சீனாவில் தலையை மூடுவதே மரியாதை என்பதால், 1615-ல் திருத்தந்தை ஐந்தாம் பவுல் தலை மூடித் திருப்பலி ஆற்ற அனுமதித்தார். ஜிஜின் எனப்படும் சதுர உச்சித் தொப்பி அதற்கென்றே உருவானது. சீன மொழியிலேயே திருப்பலி நிகழ்த்தவும் அப்போதே அனுமதி கிடைத்தது. அதற்கான நூல் 1670-ல் அச்சாகியும், பயன்பாட்டுக்கு வரவில்லை. தொப்பி வந்தது, மொழி வரவில்லை.

ஏழாம் நாள்: ஜாலான்

1610 மே 11 அன்று ரிச்சி இறந்தபோது, வெளிநாட்டவரைத் தலைநகரில் புதைக்கும் வழக்கம் இல்லை. நண்பர்கள் விண்ணப்பிக்க, பேரரசர் நிலம் கொடுத்தார். ஜாலான் எனப்படும் அந்த இடம் இன்று கட்சி ஊழியர்களுக்குப் பயிற்சி தரும் கல்லூரி வளாகத்துக்குள் இருக்கிறது. தம்பி மகனின் நண்பர் ஒருவர் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தார். கடவுச்சீட்டைக் காட்டி உள்ளே போனோம். இடைவேளையில் வெளியே வந்த மாணவர்கள் சிகரெட்டும் கைபேசியுமாக நின்ற மர நிழல்களைக் கடந்தால், தாழ்ந்த செங்கல் சுவருக்குள் மூன்று கல்வெட்டுகள். நடுவில் ரிச்சி, இருபுறமும் ஷாலும் வெர்பீஸ்டும்.

ரிச்சியின் கல் ஆளுயரத்தை மிஞ்சியது. நடுவே பெரிய சீன எழுத்துகளில், இயேசு சபையாளர் லீ பெருந்தகையின் கல்லறை என்று. ஒரு பக்கம் இலத்தீன், ஒரு பக்கம் சீனம். உச்சியில், பின்னிக்கிடக்கும் டிராகன்கள். அவற்றின் உடல்களுக்கு நடுவில் ஒரு சிறு சிலுவை. மக்காவில் தொடங்கிய என் தேடலை இந்தக் கல் முடித்துவைத்தது. 1900-ஆம் ஆண்டுக் கலகத்தில் இந்தக் கல்லறைகள் உடைக்கப்பட்டன. பண்பாட்டுப் புரட்சியின்போது கற்களைச் சாய்த்து மண்ணில் புதைத்தார்கள். பிறகு தோண்டி நிறுத்தினார்கள். ஒட்டுப்போட்ட தழும்பு விரலுக்குத் தட்டுப்படுகிறது.

1715-ல் திருத்தந்தை பதினோராம் கிளமெந்த் சீனச் சடங்குகளைத் தடுத்தார். அந்த ஆணையின் சீன மொழிபெயர்ப்பைப் படித்த காங்ஷி, இனி இவர்கள் இங்கே போதிக்க வேண்டியதில்லை என்று எழுதினார். 1742-ல் பதினான்காம் பெனடிக்ட் சீனாவுக்கும், 1744-ல் நமக்கும் கதவைச் சாத்தினார். 1939 டிசம்பரில் ரோமாபுரியே, முன்னோர் வணக்கம் குடிமைச் செயல் என்று அனுமதித்தது. என் பாட்டி சுருட்டு வைத்தது அதற்கும் முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு. பங்குச் சாமியாருக்குச் செய்தி எட்டவில்லையோ, எட்டியும் சுருட்டு அதில் அடங்காது என்று கருதினாரோ.

சுவருக்கு அப்பால், மற்றவர்களின் கற்கள் வரிசையாக நிற்கின்றன. மூன்றையும் சேர்த்து அறுபத்து மூன்று. எண்ணிக்கையைக் கேட்டதும் எந்தத் தமிழனுக்கும் வரும் நினைவு எனக்கும் வந்தது. பாதிக்கு மேல் மழையில் அரித்துப்போயின. நிக்கொலோ லொங்கோபார்டோவின் கல்லைத் தேடிப் பிடித்தோம். ரிச்சிக்குப் பின் தலைமைக்கு வந்தவர். பழஞ்சீன நூல்களின் விண்ணகமும் மேலான அரசரும் நம் கடவுள் அல்ல, ரிச்சி ஏமாந்துவிட்டார் என்று வாதாடியவர். அவருடைய எழுத்தைத்தான் எதிர்க்கட்சியினர் ரோமாபுரி வரை கொண்டுபோனார்கள். அவருடைய கல்லின் உச்சியிலும் டிராகன்.

ரிச்சியின் கல்லடியில் யாரோ சிங்மிங்குக்கு வைத்துப்போன மூன்று மாண்டரின் ஆரஞ்சுகள், தோல் சுருங்கத் தொடங்கியவை. தம்பி மகன் கேட்டான்: "இது படையலா பெரியப்பா, மரியாதையா?" வைத்தவரைத்தான் கேட்கவேண்டும் என்றேன். திரும்பி வரும்போது கவனித்தோம். லொங்கோபார்டோவின் கல்லடியிலும் ஒரு ஆரஞ்சு இருந்தது.